லோகா பாலாறு

சாந்தமேரி எழுவதற்கு முன்னால் அவளுடைய வலது தோள் எழுந்துவிடும். உடம்பு மெத்தையில் கிடக்கும், கண் மூடியிருக்கும், தோள் மட்டும் ஐந்து மணிக்கே குத்த ஆரம்பித்துவிடும். போன வருஷம் படமெடுத்துப் பார்த்த சீன டாக்டர், முன்பு என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். இருபத்து மூன்று வருஷம் காண்டா தூக்கினேன் என்றாள். தோளுக்குக் குறுக்கே ஒரு கட்டை, கட்டையின் இரண்டு முனையிலும் ரப்பர் பால் வாளி, அதுதான் காண்டா. டாக்டருடைய அப்பாவும் ஒரு காலத்தில் தூக்கியிருப்பார் போலிருக்கிறது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தைலம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை தோளோடு சேர்ந்து வயிறும் எரிந்தது. சாப்பாட்டு எரிச்சல் இல்லை.

"லோகா ஆன்டிய முன்னாடி உட்கார வைக்கணும் பெரியம்மா. அவங்களுக்கு முட்டி மடங்காது லா" என்று தங்கச்சி மகள் பெர்னிஸ் முதல் நாளே போனில் சொல்லியிருந்தாள். முட்டியாம். தோள் போனவளுக்குக் காரில் எந்த சீட்டு என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். ரவாங்கைத் தாண்டி உள்ளே போனால் வவ்வாமலைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. சாந்தமேரி பிறந்ததும், பால்மரம் வெட்டியதும், வாலண்டைனைக் கட்டியதும் அங்கேதான். தொண்ணூற்றொன்பதில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ஆட்கள் கிள்ளான், சுங்கை வே, ஸ்ரீ கெம்பாங்கான் என்று கிடைத்த ஃபிளாட்டுகளில் போய் விழுந்தார்கள். சூசையப்பர் கோயில் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே இன்னும் நின்றது. மாதத்துக்கு ஒரு பூசை. அடுத்த வருஷம் அந்தக் கோயிலுக்கு நூறு வயது. புத்தகம் போட வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்ல, புத்தகத்துக்கு நடுவில் ஒரு வரைபடம் போடலாம், தோட்டத்து மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நம் ஜனங்கள் வைத்த பேர்களை எல்லாம் அதில் எழுதிவிடலாம் என்று பெர்னிஸ் கிளம்பிவிட்டாள். நில அளவை கம்பெனியில் வேலை அவளுக்கு. அவள் கையிலிருந்த அளவைப் படத்தில் மலைகளுக்கு நம்பர் இருந்தது, ஓடைகளுக்கு நீலக்கோடு இருந்தது. ஒன்றுக்கும் பேர் இல்லை.

பேர் தெரிந்தவர்களில் செத்துப்போனவர் போக, படுக்கையில் விழுந்தவர் போக, நடக்கக்கூடியவர்களாக இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருத்தி சாந்தமேரி. இன்னொருத்தி சுங்கை வேயில் மகன் வீட்டில் இருக்கும் லோகேஸ்வரி. ஞானஸ்நானம் பெற்றவளில்லை, நெற்றியில் எட்டணா அளவு பொட்டு. கோயில் புத்தகத்துக்கு அவள் எதற்கு என்று சாந்தமேரி கேட்டுப் பார்த்தாள். "ஓடைக்கு என்னா மதம் பெரியம்மா?" என்று பெர்னிஸ் சிரித்துவிட்டாள்.

கிள்ளானிலிருந்து சுங்கை வே வரைக்கும் சாந்தமேரி முன் சீட்டில் வந்தாள். அங்கே இறங்கிப் பின்னால் மாறினாள். லோகேஸ்வரி பெரிய பிளாஸ்டிக் பையோடு நொண்டிக்கொண்டே வந்தாள். பை நிறைய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம்.

"என்னாடி மேரி, பின்னாடி போயிட்டே? நான் அங்க உக்காந்துக்கிறேன், நீ வா."

"பரவால்ல, உக்காரு. உன் முட்டி பெரிய எடத்து முட்டி."

லோகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். ரோட்டோரம் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. பெர்னிஸும் சேர்ந்து சிரித்தாள். குத்துவதற்காகச் சொன்ன சொல்லை ஒருத்தி வேடிக்கையாக எடுத்துக்கொண்டால், சொன்னவளுக்கு எப்படி இருக்கும்? சாந்தமேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெர்னிஸ் வழியிலேயே சட்டத்தைச் சொன்னாள். "ஒரு பேருக்கு ரெண்டு வாய் வேணும். நான் தனித்தனியா கேப்பேன். ரெண்டு பேரும் ஒரே பேரு சொன்னாதான் பச்சை போடுவேன். இல்லன்னா நம்பரோட விட்ருவேன். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுக்கக் கூடாது, ஓகேவா?"

"பரீட்சையாட்டம் வைக்கிறாளே" என்றாள் லோகேஸ்வரி. "நான் மூணாம் வகுப்புப் பெயிலுடி, பெர்னிஸ்."

"நீங்க பாஸ் ஆயிடுவீங்க ஆன்டி."

அதுவும் சாந்தமேரியின் காதில் விழுந்தது. ஆறாம் வகுப்பு வரை படித்தவள் பின் சீட்டில் இருந்தாள்.

தோட்டத்தின் ஒரு பக்கத்தை மஞ்சள் மெஷின்கள் வழித்து எடுத்திருந்தன. சிவப்பு ஓடு போட்ட புது வீடுகள் வரிசையாக மேட்டைத் தின்றுகொண்டே வந்தன. மறுபக்கம் செம்பனை. ஆனாலும் மலை மலையாகத்தான் இருந்தது. லோகேஸ்வரி கீழே இறங்கிக் கம்பை ஊன்றி நின்றாள். நின்ற மாத்திரத்தில் அவளுக்கு வாய் திறந்துகொண்டது.

"இந்த இறக்கம் இருக்கே, இதுக்குப் பேரு கிராணி வழுக்கி. ஆபீஸ் கிராணி வெள்ளக் கால்சட்ட போட்டுக்கிட்டுக் கணக்குப் பாக்க வருவாரு. மழ பேஞ்சா செம்மண்ணு வெண்ண மாதிரி. மனுசன் மேல நின்னுக்கிட்டு 'தள்ளுங்க, தள்ளுங்க'ம்பாரு. அடுத்த நிமிசம் உக்காந்துக்கிட்டே கீழ வந்துருவாரு. ஒரு வருசத்துல மூணு கால்சட்ட. கிராணியம்மா தொவச்சுத் தொவச்சு அலுத்துப்போயி, நாலாவதா காக்கி தச்சுக் குடுத்துட்டா."

பெர்னிஸ் சிரித்ததில் கையிலிருந்த டேப்லட் ஆடியது. சட்டப்படி சாந்தமேரி காருக்குள் உட்கார்ந்திருந்தாள். சொல் கேட்கவில்லை, சிரிப்பு கேட்டது. பிறகு அவள் முறை.

"பெரியம்மா, இந்த இறக்கத்துக்குப் பேரு?"

"கிராணி வழுக்கி."

"ஏன் அப்படி வச்சாங்க?"

"கிராணி வழுக்குனாரு."

பச்சை போட்டுவிட்டுப் பெர்னிஸ் போய்விட்டாள். சாந்தமேரிக்கும் அந்தக் காக்கிக் கால்சட்டை தெரியும். கிராணியம்மாவின் கொடியில் அது காய்ந்ததைக் கண்ணால் பார்த்தவள். ஆனால் அவள் சொன்னால் அது பதில், லோகேஸ்வரி சொன்னால் அது கதை. அப்படித்தான் எப்போதும்.

அடுத்து வந்த அழுமூஞ்சி மேட்டுக்கு அவள் முந்திக்கொள்ளப் பார்த்தாள். காரை நிறுத்துவதற்கு முன்பே கண்ணாடியை இறக்கி, "இங்கதான் புதுசா காண்டா தூக்குற பொம்பளப் புள்ளைங்க..." என்று ஆரம்பித்தாள்.

"பெரியம்மா, பெரியம்மா! ரூல்ஸ். லோகா ஆன்டிதான் ஃபர்ஸ்ட்."

எல்லாவற்றையும் அவளே முதலில் தின்றுவிட்டு எச்சில் தட்டைத் தள்ளிவிடுகிறாள் என்று சாந்தமேரி நினைத்தாள். மூணு சிலுவை மேட்டுக்கு வந்தபோது பொறுக்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை போன மேடு அது. கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

"இது எங்க மேடு. உனக்கு என்னாடி தெரியும் இதப் பத்தி?"

லோகேஸ்வரி திரும்பினாள். "மூணாவது சிலுவைக்குக் கம்பு வெட்டுனது யாருடி? உங்கப்பாவுக்கு இருமல் முத்திப்போயி அருவாளத் தூக்க முடியல. 'லோகா, நீ வெட்டிக் குடும்மா'ன்னாரு. வெட்டிக் குடுத்தேன். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அதுதான் கஷ்டம்.

பதினொரு மணிக்குப் பதினாறாம் நம்பர் ஓடைக்கு வந்து சேர்ந்தார்கள். பேர் எழுத வேண்டிய ஓடைகளில் அதுதான் கடைசி. கோயிலுக்குப் பின்புறம் வளைந்து, முன்பு தொழிலாளர் வீடுகளின் லயம் இருந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும். அந்தக் காலத்தில் குறுக்கே மரக்கட்டைப் பாலம். இப்போது சிமெண்டுக் குழாய். தண்ணீர் பழுப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஓடியது.

சாந்தமேரி காருக்குள் இருந்தாள். ஏர்கோன் ஓடியது, கண்ணாடி ஏற்றியிருந்தது. வெளியே லோகேஸ்வரி கம்பைத் தோளில் குறுக்காக வைத்துக்கொண்டாள். காண்டா. இரண்டு அடி எடுத்து வைத்தாள். முட்டி மடங்காத அந்தக் கிழவி கால் இடறினாள், ஒரு பக்கம் சாய்ந்தாள், இரண்டு கையையும் காற்றில் துழாவினாள், பிறகு வாளி கவிழ்ந்து தண்ணீர் வெளுத்துப் போவதைக் கையை அகல விரித்துக் காட்டினாள். பெர்னிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள்.

அச்சு அசலாகச் செய்தாள். ஆனால் விழுந்தது அவளில்லை. விழுந்தவள் காருக்குள் இருந்தாள்.

எழுபத்தெட்டு நவம்பர். சாந்தமேரிக்குப் பதினேழு, லோகேஸ்வரிக்குப் பத்தொன்பது. அடுத்தடுத்த மர நிரைகளில் பால் வெட்டுகிறவர்கள். அப்பா காசநோயில் கிடந்ததால் அவருக்குக் கஞ்சி வைத்துவிட்டு வருவதற்குள் சாந்தமேரிக்கு நேரமாகிவிடும். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்ததற்காக ஏற்கெனவே இரண்டு வார்னிங் வாங்கியிருந்தாள். மூன்றாவது வந்தால் பேர் வெட்டு. தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் இருக்கும் பேரின் மேல் கிராணி சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்தால் வேலை இல்லை, அரிசி இல்லை, லயத்தில் வீடு இல்லை.

அன்றைக்குக் கட்டைப் பாலத்தில் பாசி. முன்னால் போன சாந்தமேரி வழுக்கினாள். இரண்டு வாளிப் பாலும் ஓடையில். தண்ணீர் ஒரு நொடியில் வெளுத்து லயம் வரைக்கும் வெள்ளையாக ஓடியது. துணி அலசிக்கொண்டிருந்த பொம்பளைகள் ஐயோ என்று கத்தியது கேட்டது. மேட்டில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தம்புசாமியின் விசில் கேட்டது.

பின்னால் வந்த லோகேஸ்வரி விறுவிறுவென்று பாலத்துக்கு வந்தாள். தன்னுடைய நிறைந்த காண்டாவை இறக்கி சாந்தமேரியின் வலது தோளில் ஏற்றினாள். "போ. திரும்பிப் பாக்காம போ" என்றாள். காலி வாளிகளைத் தன் காலடியில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். தம்புசாமி வந்து பார்த்தபோது பாலைக் கொட்டியவள் லோகேஸ்வரி. அதற்கு முன் ஒரு வார்னிங்கும் இல்லாதவள் என்பதால் பதினாலு நாள் மட்டும் பேர் வெட்டினார்கள். லோகேஸ்வரி வெட்டிய பால் அன்றைக்கு சாந்தமேரியின் பேரில் நிறுவையானது.

பையன்கள் அன்று சாயங்காலமே ஓடைக்குப் பேர் வைத்துவிட்டார்கள். லோகா பாலாறு. முதலில் கேலிதான். லோகேஸ்வரி தெருவில் போனால், "ஊர்ல பாலாறு காஞ்சு கெடக்காம், இங்க நம்ம லோகா ஓட விட்ருக்கா" என்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துச் சிரித்தே கேலியைக் கொன்றுவிட்டாள். இரண்டு மூன்று வருஷத்தில் அது ஓடையின் பேராகவே ஆகிவிட்டது. லோகா பாலாறு தாண்டி வா என்பார்கள், லோகா பாலாற்றில் மீன் கிடக்கிறது என்பார்கள். அவள் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார், பால் ஓட விட்ட பொண்ணாச்சே, எங்க வீட்டுக்கு என்ன குறை வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

சாந்தமேரிக்கு முதலில் பயம் இருந்தது. பிறகு வெட்கம். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். சாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னாள், அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்தாள். அதற்கப்புறம்தான் வயிற்றில் இந்த எரிச்சல் ஆரம்பித்தது. கொட்டியது அவள் பால், வழுக்கியது அவள் கால், பேர் மட்டும் இன்னொருத்தியுடையது. வாலண்டைன் கூட அவளிடம் முதன்முதலாகப் பேசியபோது, "நீ பாலாறு லோகாவோட கூட்டாளிதானே?" என்றுதான் ஆரம்பித்தான். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தி அவனைப் புதைத்தும் ஆகிவிட்டது. அந்த வார்த்தையை மட்டும் அவள் மன்னிக்கவில்லை.

பெர்னிஸ் கதவைத் திறந்தாள். சிரித்துக் கண்ணெல்லாம் நனைந்திருந்தது. "கடைசி ஒண்ணு பெரியம்மா. இந்த ஓடைக்குப் பேரு என்னா?"

வாய் தானாகச் சொன்னது என்று பிறகு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். யோசித்துத்தான் சொன்னாள்.

"மேரி ஓடை."

பெர்னிஸ் நிமிர்ந்தாள். "மேரி ஓடையா? லோகா ஆன்டி வேற பேரு சொன்னாங்களே."

"அவ சொல்லுவா. கோயிலுக்குப் பின்னால ஓடுது பாரு. மேரி ஓடைதான்."

"மாதா பேரா பெரியம்மா, இல்ல உங்க பேரா?"

சாந்தமேரி கோயில் பக்கம் பார்த்தாள். "எந்த மேரின்னு எல்லாம் எழுத வேணாம். மேரின்னு போடு, போதும்."

பெர்னிஸ் மறுபடியும் லோகேஸ்வரியிடம் போனாள். கண்ணாடி வழியாக சாந்தமேரி பார்த்தாள். பெர்னிஸ் ஏதோ கேட்டாள். லோகேஸ்வரி திரும்பிக் காரைப் பார்த்தாள். வெயில் கண்ணாடியில் அடித்ததால் உள்ளே இருப்பவள் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஏதோ இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டுக் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"ஓகே பெரியம்மா, பச்சை" என்றாள் பெர்னிஸ். "லோகா ஆன்டியும் மேரி ஓடைன்னுட்டாங்க. வயசாயிருச்சாம், மாத்திச் சொல்லிட்டாங்களாம்."

லோகேஸ்வரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து முட்டியைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். "பசிக்குதுடி. அந்தப் பொட்டலத்தப் பிரி. முட்ட வச்சது ஒண்ணுதான் இருக்கு, சிவப்பு ரப்பர் போட்டது. அத மேரிக்குக் குடு."

சாந்தமேரி முட்டையைத் தின்றாள். அதுவும் தொண்டையில் இறங்கத்தான் செய்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெர்னிஸ் போன் செய்தாள். குரலில் குஷி. "முப்பத்தொரு பேரு பெரியம்மா! எல்லாம் பச்சை. வியாழக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ்ல அச்சுக்குக் குடுக்கறோம். உங்க ஓடையும் சரி பண்ணிட்டேன். லோகா பேர வெட்டிட்டேன்."

"என்னா பண்ணிட்ட?"

"பேர வெட்டிட்டேன் லா. ரெண்டு பேரு வந்து கெடந்துச்சுல்ல, ஒண்ண வெட்டுனாதானே நீட்டா இருக்கும்."

அந்தப் பிள்ளைக்கு அது வெறும் வார்த்தை. தொண்ணூற்று மூன்றில் பிறந்தவள், பெரட்டு தெரியாது, செக்ரோல் தெரியாது. சாந்தமேரி போனைக் காதிலிருந்து எடுத்தாள். லோகா பேரை வெட்டியாயிற்று. முதல் தடவை கிராணி வெட்டினார், அது பதினாலு நாள். இந்தத் தடவை வெட்டினால் வெட்டினதுதான். மலையெல்லாம் வழித்துப் போட்ட பிறகு அந்தப் புத்தகம் மட்டும்தான் இருக்கப்போகிறது.

இரண்டு ராத்திரி அவள் பொறுத்துப் பார்த்தாள். இரண்டிலும் நல்லதாக ஒன்றும் நினைக்கவில்லை. லோகாவேதானே ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தாள். யார் ஒத்துக்கொள்ளச் சொன்னது? பெரிய தியாகி. கொடுத்துக் கொடுத்தே ஆளை அமுக்குகிறவள். பேரைப் பிடுங்கினாலும் அவள்தான் பெரியவள் ஆகிறாள், முட்டை வைத்த பொட்டலத்தை நீட்டுகிறாள். இவளிடமிருந்து எதைப் பிடுங்கினால்தான் இவள் சின்னவள் ஆவாள்?

வியாழக்கிழமை காலையில் பத்து மணி கம்யூட்டர் ரயிலில் ஏறினாள். சென்ட்ரலில் இறங்கி, பூக்கடைகளையும் பிரியாணிக் கடைகளையும் தாண்டி, தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அச்சுக்கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மிஷின் சத்தம், மை வாடை. பெர்னிஸ் மேஜை மேல் குனிந்திருந்தாள். பக்கத்தில் கடைக்காரர் பரமேஸ்வரன், காதில் பென்சில்.

"பெரியம்மா! சொல்லியிருந்தா நான் வந்து ஏத்திட்டு வந்திருப்பேன்ல?"

சாந்தமேரி வரைபடத்தைப் பார்த்தாள். மேஜை அகலத்துக்கு விரித்திருந்தார்கள். கிராணி வழுக்கி, அழுமூஞ்சி மேடு, மூணு சிலுவை மேடு. எல்லாம் அழகாக, அச்செழுத்தில். கோயில் படத்துக்குப் பின்னால் நீலமாக வளைந்து ஓடியது மேரி ஓடை. உண்மையைச் சொன்னால், அதைப் பார்த்தவுடன் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கும் வாலண்டைனின் இரங்கல் விளம்பரத்துக்கும் அப்புறம் அவள் பேர் அச்சில் வருவது இதுதான். விரலால் தொட்டுப் பார்த்தாள். மை ஒட்டவில்லை.

"இத மாத்தணும்" என்றாள். "இது லோகா பாலாறு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

பெர்னிஸ் தலையில் கை வைத்தாள். "பெரியம்மா... ரெண்டு வாய் சொன்னது. மாத்தறதா இருந்தா ரெண்டு பேருமே சொல்லணும். இல்லன்னா ஃபாதர்கிட்ட நான் என்னான்னு சொல்றது?"

"அவளக் கூப்பிடு."

பெர்னிஸ் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். லோகேஸ்வரியின் குரல் மிஷின் சத்தத்தைத் தாண்டி வந்தது. பின்னால் எங்கோ குக்கர் கூவியது.

"பெர்னிஸா? சொல்லும்மா."

"ஆன்டி, பெரியம்மா இங்க இருக்காங்க. அந்த ஓடைக்கு நீங்க மொதல்ல சொன்ன பேருதான் சரின்னு சொல்றாங்க. லோகா பாலாறு. நீங்களும் ஓகேன்னா மாத்திரலாம்."

"மேரி ஓடைதான்னு சொல்லிட்டேனே. அப்படியே இருக்கட்டும்."

சாந்தமேரி போனுக்கு மேல் குனிந்தாள். "லோகா, சும்மா இருக்காதடி. பாலாறுன்னு சொல்லு. ஒரு வார்த்தை. உன் பேருதானேடி."

குக்கர் இன்னொரு தடவை கூவி அடங்கியது.

"பாலாறா?" என்றாள் லோகேஸ்வரி. சிரிப்பில்லாத குரல். சாந்தமேரி அந்தக் குரலை இதற்கு முன் கேட்டதே இல்லை. "பாலாறுன்னா எந்தப் பாலு, யாரு கொட்டுனதுன்னு அந்தப் புள்ள எழுதணும்ல. போன சனிக்கிழமை வரைக்கும் நானே கொட்டி, நானே விழுந்து காமிச்சேன். முட்டி வலியோட காமிச்சேன். இனிமே முடியாது. நீ இருக்கல்ல அங்க, நீ சொல்லு. யாரு கொட்டுனான்னு நீ சொல்லிட்டீன்னா, நானும் பாலாறுன்னு சொல்லிர்றேன்."

பெர்னிஸ் பெரியம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் புரியாத பார்வை, ஆனால் இன்னும் ஒரு நொடியில் புரிந்துவிடக்கூடிய பார்வை. அந்தப் பார்வையில் கோயில் ஜனம் முழுக்க இருந்தது. முன்வரிசைப் பெஞ்சு இருந்தது, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கப்போகும் முகங்கள் இருந்தன. செத்துப்போன வாலண்டைனும் இருந்தான்.

"அம்மா, மாத்தணுமா, இல்லையா?" பரமேஸ்வரன் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "பிளேட்டு போடணும். பன்னெண்டு மணிக்கு எனக்கு வேற வேலை ஏறுது."

சாந்தமேரி வாயைத் திறந்தாள். நான் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்து நின்றது. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி எதையும் யோசிக்காமல் தண்ணீரில் இறங்கியது போல இறங்கிவிட வேண்டியதுதான். அவளால் இறங்க முடியவில்லை.

"இருக்கட்டும்" என்றாள். "மேரி ஓடையே இருக்கட்டும்."

லோகேஸ்வரி போனை வைத்துவிட்டாளோ என்று பெர்னிஸ் குனிந்து பார்த்தாள்.

"சரி மேரி" என்றாள் லோகேஸ்வரி. "நான் அடுப்பப் பாக்கணும்." போன் அணைந்தது.

பரமேஸ்வரன் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். "என்னா பெரியம்மா அது? யாரு எதக் கொட்டுனது?" என்று பெர்னிஸ் கேட்டாள்.

"பழைய கதை. அவளுக்கு வயசாயிருச்சு" என்றாள் சாந்தமேரி.

பிறகு ரயிலுக்கு நடந்தாள். பகல் வெயில், பூக்கடைக்காரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பதினாலு நாள் பேர் வெட்டு ஒன்று, இப்போது ஓர் ஓடை. இரண்டுக்கும் சேர்த்து சாந்தமேரி லோகேஸ்வரிக்குக் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு வரிதான்: பாலைக் கொட்டினது நான். அது இன்னும் பாக்கி.